சட்டம் நிறைவேறிய பிறகு மனு எழுதி என்ன பயன்?

மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் கான் நிரம்பி, வாசற்படி வரைக்கும் தண்ணீர் ஏறும். அதற்காக உரிய அலுவலகத்தில் மூன்று கடிதம் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் அப்படியொரு கடிதமே வரவில்லை என்றார்கள் அங்கிருந்தவர்கள், எங்கள் கையிலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நாலாவது முறை பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். அத்தாட்சி இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு, பிந்திப் போவது. நம் இலங்கையில் ஒரு சட்டமூலத்தை, அதாவது இன்னும் நிறைவேறாத சட்ட வரைவை, எதிர்ப்பதென்றால், அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் நிகழ்ச்சி நிரலில், வந்து ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். எந்தக் குடிமகனும் போகலாம், அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. சபாநாயகர் கையெழுத்திட்டுச் சட்டமாகிவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் அதன் செல்லுபடியைக் கேட்க முடியாது, 80ஆம் உறுப்புரை அந்தக் கதவை அடைத்துவிடும். நாங்களோ சட்டம் வந்த பிறகுதான் கையெழுத்து வேட்டை தொடங்குகிறோம்! சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வருமுன்பே அரச வர்த்தமானியில் வந்திருக்கும், அப்போதே படிக்க வேண்டும். சட்டத்தரணி பிடிக்க நம்மால் முடியாதபோது சிவில் சமூக அமைப்புகள் கைகொடுக்கும், சரி, அதற்காக எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உங்கள் ஒழுங்கையில் நடப்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மொழி விஷயத்திலும் தயங்குகிறோம். யாரிடமோ சிங்களத்தில் எழுதுவித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடுபவர்களைக் கொழும்பில் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். தமிழும் அரச கரும மொழி. தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெறுவதும் உங்கள் உரிமை.

அப்புறம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கும்போது "ஏன் கானைத் திருத்தவில்லை?" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, வேலை முடிய வேண்டிய திகதி என்று ஆவணமாகக் கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அலுவலகத்திலேயே மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. முத்திரை குத்தி வாங்கிய விண்ணப்பப் பிரதியின் திகதியிலிருந்துதான் நாட்களை எண்ண வேண்டும்.