எஃப்ஜிஎம்மைத் தடுக்க உங்கள் கவுன்சிலை வேலை வாங்குவது எப்படி?

பெண் உறுப்புச் சிதைப்பு (மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டுவது), சுருக்கமாக எஃப்ஜிஎம், என்றாலே பிரிட்டனில் பலருக்கு நினைவுக்கு வருவது போலீசும் ஹீத்ரோ விமான நிலையமும்தான். ஆனால் இதைச் செய்ய வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ஒரு சிறுமியை விமான நிலையம் வரை கூட்டிப் போய்விட்டார்கள் என்றால், அதற்கு முன்பே தடுத்திருக்கக்கூடிய நாலைந்து இடங்களை அவள் தாண்டி வந்திருக்கிறாள். அவற்றில் பல உள்ளூர் கவுன்சிலின் கையில் இருப்பவை. நீங்கள் கவுன்சிலரோ, ஸ்கூல் கவர்னரோ (பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்), சும்மா கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறவரோ, யாராக இருந்தாலும் சரி, போய்க் கேட்கலாம்.

"எங்கள் ஏரியாவில் இதெல்லாம் இல்லை" என்று பதில் வந்தால் விடாதீர்கள். லண்டன் சிட்டி பல்கலைக்கழகமும் ஈக்வாலிட்டி நௌ என்ற பெண்ணுரிமை அமைப்பும் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு ஆளான பெண்கள் சுமார் 1,37,000 பேர். அப்படிப்பட்ட பெண்களே இல்லாத கவுன்சில் பகுதி ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். சோமாலியா, சூடான், எரித்ரியா, சியரா லியோன் என்று அடுத்தவர்களைக் கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் இது உண்டு, ஒஸ்தா மாமிகள் (இதைப் பரம்பரையாகச் செய்யும் பெண்கள்) வீட்டோடு செய்துவிட்டுப் போவார்கள், டாக்டர்கள் இதைச் செய்யக் கூடாது என்று 2018-ல் இலங்கை சுகாதார அமைச்சு சுற்றறிக்கையே விட வேண்டி வந்தது. ஆகவே கவுன்சிலின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் சோமாலி, அரபியோடு தமிழும் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக்காரர்களை மொழிபெயர்க்க உட்கார வைக்கவே கூடாது.

தடுக்கும் வேலை தொடங்குவது பிரசவ வார்டில். தாய்க்கு இது நடந்திருப்பது தெரிந்தால், பிறக்கும் பெண் குழந்தையின் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பதிவில் மிட்வைஃப் ஒரு குறிப்புப் போட்டு வைக்க முடியும். அடுத்து வீட்டுக்கு வருபவர் ஹெல்த் விசிட்டர், அதாவது சின்னக் குழந்தைகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ். இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து அந்தச் சேவைக்குக் காசு கொடுத்து ஒப்பந்தம் போடுவது கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பிரிவுதான். அப்படியானால் மிட்வைஃபிடமிருந்து தகவலைக் கேட்டு வாங்க வேண்டும், தாயிடம் தனியாகப் பேச வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போகும்போது ஸ்கூல் நர்ஸிடம் விஷயத்தை ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதலாமே? இந்தக் கைமாறலில்தான் தகவல் தொலைந்துபோகும்.

ஆசிரியர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட சிறுமி தனக்கு நடந்துவிட்டது என்று வாய் திறந்து சொன்னால், சொல்லக் கேட்ட ஆசிரியரே போலீசுக்கு (101 என்ற எண்ணில்) தெரிவிக்க வேண்டும். 2015 அக்டோபர் 31 முதல் இது சட்டக் கடமை, ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன் என்று கை கழுவ முடியாது. நர்ஸ், டாக்டர், சோஷியல் வொர்க்கர் எல்லாருக்கும் இதேதான், வேலையின்போது உடலில் அடையாளத்தைப் பார்த்தாலும் சொல்லியாக வேண்டும். இனிமேல் நடக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தால் வழி வேறு, வழக்கம்போலக் கவுன்சிலின் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். ஆசிரியர் யாரும் பிள்ளையைப் பரிசோதித்துப் பார்க்கவே கூடாது.

கோடை விடுமுறை இன்னொரு கதை. ஆறு வாரம் என்பது புண் ஆறப் போதுமான காலம் என்பதால்தான் அந்த நேரத்தில் ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள். சிறுமியைக் காக்க கோர்ட் போடும் எஃப்ஜிஎம் பாதுகாப்பு ஆணை 2015 ஜூலையில் வந்தது. இதற்குக் கவுன்சில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், போலீஸ் என்றால் முதலில் கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டும், கவுன்சிலுக்கு அது தேவையில்லை. அந்த ஆணையில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம், மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. சட்டப் பிரிவில் இந்த மனுவைப் போடத் தெரிந்தவர் யார் என்று மே மாதமே கேட்டு வையுங்கள். பள்ளி மூடும் வெள்ளிக்கிழமை மாலை ஆளைத் தேட ஆரம்பித்தால் விமானம் போய்விடும்.

அதைவிட மலிவான ஆயுதமும் இருக்கிறது, பிரிட்டிஷ் அரசு பல மொழிகளில் அச்சிட்ட மடிப்புத்தாள். பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். பல தாய்மார்களுக்கு இதில் விருப்பமே கிடையாது, ஊரில் மாமியாரும் பெரியம்மாவும் நெருக்கும்போது வாய் எழாது, அவ்வளவுதான். வெளிநாட்டில் செய்தாலும் 14 வருடம் வரை சிறை என்று பிரிட்டிஷ் அரசின் பெயரில் ஒரு தாளை எடுத்து நீட்டினால் பழி அரசாங்கத்தின் மேல் விழும், அவர் தப்பித்துக்கொள்வார். ஜூன் மாதமே ஜிபி (குடும்ப டாக்டர்), பள்ளி, மசூதி, சலூன் எங்கும் இதை வைக்கச் சொல்லுங்கள்.

பிரிஸ்டலில் நடந்ததைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இன்டெக்ரேட் பிரிஸ்டல் என்ற அமைப்பின் இளம்பெண்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். அவர்களில் ஒருவரான ஃபாமா முகமது 2014-ல் நடத்திய கையெழுத்து இயக்கத்தால் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் இங்கிலாந்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் கடிதம் எழுத ஒப்புக்கொண்டார். அதே ஊரில்தான் 2018-ல் ஒரு தந்தை மேல் போட்ட எஃப்ஜிஎம் வழக்கு கோர்ட்டில் நிற்காமல் விழுந்தது. பிறகு 2019-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் சோமாலிப் பெற்றோர் கொட்டித் தீர்த்தார்கள்: விடுமுறைக்கு லீவு கேட்டாலும், டாக்டரிடம் போனாலும் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறார்கள் என்று. எனக்கு இது நியாயமான கோபமாகத்தான் படுகிறது. இதை எதிர்க்கிற தாயையே போலீசோடு போய் விசாரித்தால், அடுத்த தடவை அவர் எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார், நமக்கு வேண்டிய தகவலோ அவரிடம்தான் இருக்கிறது. பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தை அந்தச் சமூகத்துப் பெண்களிடம் முதலில் காட்டுங்கள், கூட்டத்துக்கு அழைத்தால் அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுங்கள், சமோசா கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

சின்னக் கவுன்சில், காசில்லை என்பார்கள். பர்னார்டோஸ் என்ற குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனமும் கவுன்சில்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 2015-ல் தொடங்கிய தேசிய எஃப்ஜிஎம் மையம், இதில் தேர்ந்த சோஷியல் வொர்க்கர்களைக் கவுன்சில்களுக்குள்ளேயே உட்கார வைத்துக் காட்டியது. பக்கத்துக் கவுன்சிலோடு சேர்ந்து ஒருவரைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், ஏற்கெனவே இதை அனுபவித்த பெண்கள். சிறுநீர்த் தொல்லை, மாதவிடாய் வலி, பிரசவ பயம் என்று வருடக்கணக்காகச் சகித்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கென்றே என்ஹெச்எஸ் சிறப்பு கிளினிக்குகள் உண்டு, ஜிபியின் கடிதம் இல்லாமல் நேரடியாகவே போகலாம். உங்கள் கவுன்சில் இணையதளத்தில் பக்கத்து கிளினிக்கின் விவரம் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் கவுன்சிலருக்கு எழுதும் மெயிலில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.