ஆப்டிமல் மேட்சிங்: கணினி சரியாகச் செய்தும் ஆய்வு தவறும் இடங்கள்

1968-ல் புள்ளியியலாளர் வில்லியம் காக்ரன் ஒரு கட்டுரையில் கனடாவின் இறப்பு விகிதங்களைக் காட்டினார். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு, புகைக்காதவர்களில் 20.2 பேர் இறந்தார்கள். சிகரெட் பிடிப்பவர்களில் 20.5. சுருட்டும் பைப்பும் பிடிப்பவர்களில் 35.5. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் சிகரெட்டால் பாதகமில்லை, சுருட்டுதான் எமன் என்று ஆகிவிடும். ஆனால் மூன்று குழுக்களின் சராசரி வயது 54.9, 50.5, 65.9. சுருட்டுக்காரர்கள் வயதானவர்கள், அவ்வளவுதான். வயதைச் சமப்படுத்திக் கணக்கிட்டதும் சிகரெட் 28.3-க்கு ஏறியது, சுருட்டு 21.2-க்கு இறங்கியது.

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதனை நடத்த முடியாத துறைகளிலெல்லாம் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் மேட்சிங் பரவியது. மருந்து எடுத்தவருக்கு, பயிற்சி பெற்றவருக்கு, எல்லா வகையிலும் ஒத்த இன்னொருவரைத் தேடி இணை சேர்த்து ஒப்பிடுகிறோம். ஆளுக்குப் பதில் நிலமாகவும் இருக்கலாம். கோஸ்டா ரிக்காவின் பாதுகாக்கப்பட்ட காடுகளைப் பற்றி 2008-ல் வந்த ஆய்வு, சரிவு, சாலைத் தூரம், மண்வளம் போன்றவற்றில் ஒத்த நிலத்துண்டுகளை இணைத்துப் பார்த்தது. பாதுகாப்பு இல்லாதிருந்தால் அந்தக் காடுகளில் சுமார் 10% அழிந்திருக்கும் என்று தெரிந்தது. வழக்கமான ஒப்பீடுகள் இதை வெகுவாக மிகைப்படுத்தியிருந்தன. காரணம், யாரும் வெட்ட விரும்பாத மலைச்சரிவுகளே அதிகமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன.

இதில் ‘ஆப்டிமல்’ எங்கே வருகிறது? மருந்து எடுத்த இருவரின் வயது 50, 54. எடுக்காத இருவர் 52, 47. வரிசையாகப் போனால் 50 வயதுக்காரர் தனக்கு நெருக்கமான 52-ஐ எடுத்துக்கொள்வார். 54-க்கு மிஞ்சுவது 47. மொத்த வித்தியாசம் 2 + 7 = 9. மூன்று வயதுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று எல்லை வைத்திருந்தால் ஒரு இணையே போய்விடும். 50-ஐ 47-உடனும் 54-ஐ 52-உடனும் சேர்த்தால் 3 + 2 = 5, இரண்டும் எல்லைக்குள். எல்லா இணைகளையும் ஒரே சமயத்தில் கணக்கில் எடுத்து மொத்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான் ஆப்டிமல் மேட்சிங். இதை, ஒரு வலைப்பின்னலில் மிகக் குறைந்த செலவில் பொருளை அனுப்பும் வழி தேடும் ‘வலைப்பின்னல் ஓட்ட’க் கணக்காக மாற்றித் தீர்க்கலாம் என்று புள்ளியியலாளர் பால் ரோசன்பாம் 1989-ல் காட்டினார். இன்று ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் சில வரிகளில் முடிகிறது. வரிசையாக எடுக்கும் முறையிலேயே நின்றுவிடுவது முதல் தவறு, ஆனால் சின்னத் தவறு. 1993-ல் கூ, ரோசன்பாம் இருவரும் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆப்டிமல் முறையில் ஒவ்வொரு இணைக்குள்ளும் நெருக்கம் கூடியது. குழுக்களின் ஒட்டுமொத்தச் சமநிலையில் பெரிய வேறுபாடு இல்லை.

பெரிய தவறு, எதைக் கொண்டு இணை சேர்ப்பது என்பதில் நடக்கிறது. கர்ப்ப காலத்தில் புகைப்பது குழந்தையைப் பாதிக்கிறதா என்று ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். குழந்தைகளைப் பிறப்பு எடை பார்த்து இணை சேர்க்கலாம் என்று உடனே தோன்றும், நியாயமாகவும் தெரியும். 1971-ல் யெருஷல்மி வெளியிட்ட கலிஃபோர்னியத் தரவில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் பார்த்தால், புகைத்த தாய்மார்களின் குழந்தைகளே குறைவாக இறந்திருந்தார்கள்! புகை காப்பாற்றுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. புகைப்பதே எடையைக் குறைக்கும். புகைக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால், அதற்குப் பிறவிக் கோளாறு போன்ற கடுமையான வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகள் ஒத்தவர்கள் போலத் தெரிந்தாலும், ஒருவர் பாதிப்பு வேறு, மற்றவர் பாதிப்பு வேறு. சிகிச்சையோ பழக்கமோ தொடங்கிய பிறகு அளந்த எதையும், அதனால் மாறக்கூடிய எதையும், இணை சேர்க்கப் பயன்படுத்தக் கூடாது. எந்த ஆப்டிமல் கணக்கும் இந்தத் தவறைத் திருத்தாது. இன்னும் கச்சிதமாகச் செய்துகொடுக்கும். வயது, எடை போன்ற ஒவ்வொரு மாறிக்கும் எதிரே அது எந்தத் தேதியில் அளக்கப்பட்டது என்று எழுதிவைத்துவிட்டு அப்புறம் மென்பொருளைத் திறப்பது நல்லது.

அடுத்தது புரோபென்சிட்டி ஸ்கோர். ஒருவர் சிகிச்சை பெறுவதற்கான சாத்தியத்தை ஒற்றை எண்ணாகச் சுருக்குவது இது, 1983-ல் ரோசன்பாமும் டொனால்ட் ரூபினும் தந்தது. இரண்டு பேருக்கு ஸ்கோர் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒத்தவர்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. சர்க்கரை நோயுள்ள 40 வயதுக்காரருக்கும் அந்நோய் இல்லாத 65 வயதுக்காரருக்கும் ஒரே ஸ்கோர் வரலாம். ஸ்கோர் குழுக்களைச் சராசரியில் சமப்படுத்தும், தனி இணைகளுக்கு உத்தரவாதம் தராது. ஸ்கோர் நெருங்காத இணைகளைக் கழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் சமநிலை கெடவும் கூடும் என்று கேரி கிங்கும் ரிச்சர்ட் நீல்சனும் 2019-ல் எச்சரித்தார்கள். ஸ்கோருக்கு ஓர் எல்லை வைத்து, அதற்குள் முக்கியமான மாறிகளின் மஹலனோபிஸ் தொலைவை (பல மாறிகளில் உள்ள வித்தியாசங்களை, அவற்றின் பரவலையும் தொடர்பையும் கணக்கில் எடுத்து ஒரே எண்ணாக்குவது) குறைப்பது பாதுகாப்பான வழி.

சமநிலையைப் பி-மதிப்பால் (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான சாத்தியம்) சோதிப்பதையும் விட்டுவிட வேண்டும். ஆட்களைக் கழிக்கக் கழிக்க பி-மதிப்பு தானாகவே உயரும், குழுக்கள் ஒத்துப்போகாவிட்டாலும். தரப்படுத்திய வித்தியாசத்தை, அதாவது குழுக்களின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்த எண்ணைப் பாருங்கள்; 0.1-க்குக் கீழே என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

இணை கிடைக்காதவர்களைச் சத்தமில்லாமல் கழிப்பது இன்னொன்று. கழித்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. நோய் முற்றியவர்கள் போய்விட்டால், மிஞ்சிய பதில் லேசான நோயாளிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். யாரைக் கழித்தோம், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு அட்டவணை அவசியம். ஒன்றுக்கு ஒன்று என்றே பிடிவாதமாக இருக்கவும் வேண்டாம். ஒருவருக்குப் பலர், பலருக்கு ஒருவர் என்று குழுவாகச் சேர்க்கும் ஃபுல் மேட்சிங்கில் பலரைத் தக்கவைக்கலாம்.

முடிவைப் பார்த்துக்கொண்டே இணைகளை மாற்றுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 1970-களில் அமெரிக்காவில் நடந்த வேலைப் பயிற்சித் திட்டத்தின் தரவு இதற்குப் பாடம். பயிற்சியால் வருமானம் எவ்வளவு கூடியது என்பதற்குக் குலுக்கல் சோதனை தந்த விடையை மற்ற முறைகளால் எட்ட முடியவில்லை என்று ராபர்ட் லலோண்ட் 1986-ல் எழுதினார். ஸ்கோர் மேட்சிங் நெருங்கிவிட்டது என்று 1999-ல் தெஹேஜியாவும் வாபாவும் காட்டினார்கள். அந்த விடை எந்த ஆட்களை, எந்த மாறிகளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து வெகுவாக ஆடுகிறது என்று 2005-ல் ஸ்மித்தும் டாடும் கண்டார்கள். இவ்வளவு ஆடக்கூடிய ஒன்றில், வருமான எண்களைக் கண்முன் வைத்துக்கொண்டு நான்கைந்து விதமாக முயன்றால் நமக்குப் பிடித்த விடை எப்படியும் கிடைத்துவிடும். ரூபின் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது போல, இணைகளை இறுதி செய்யும் வரை, வருமானம் போன்ற விளைவைக் காட்டும் மாறி கோப்பிலேயே இருக்கக் கூடாது.

அளக்காத காரணிகள் எப்படியும் மிஞ்சும். மேட்சிங் செய்துவிட்டதால் அவையும் தீர்ந்தன என்று எழுதுவது தவறு. புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஒன்பது மடங்கு அதிகம் என்றால், அதை வேறொரு மறைகாரணியின் தலையில் போடுவதற்கு அந்தக் காரணி புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகப் பரவியிருக்க வேண்டும் என்று ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சகாக்களும் 1959-ல் கணக்கிட்டார்கள். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. உங்கள் ஆய்வு முடிவைப் புரட்டிப்போட எவ்வளவு வலுவான மறைகாரணி வேண்டும் என்பதை ரோசன்பாமின் காமா கணக்கால் சொல்லலாம். ஒத்த இருவரில் ஒருவர் சிகிச்சை பெறும் வாய்ப்பு விகிதத்தை மறைகாரணி எத்தனை மடங்கு வரை மாற்றலாம் என்பதே காமா. 1.1-லேயே கவிழும் முடிவும் 5 வரை தாங்கும் முடிவும் ஒன்றல்ல. அந்த எண்ணைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் விளைவின் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.