குளியலறைக் குழாய் உடைந்த இரவு

இரவு பத்து மணிக்குக் குளியலறைக் குழாயைத் திருகினேன். குழாய் அப்படியே கையோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வழக்கமாக வரும் பிளம்பர் ஊரில் இல்லை.

மொட்டை மாடிக்கு ஓடினேன். தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை அடைக்கும் திருகான கேட் வால்வு அசையவே இல்லை. ரென்ச் போட்டு முறுக்கியிருந்தால் உள்தண்டு முறிந்திருக்கும். தண்டின் அடியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். பத்து நிமிடத்தில் மூடியது. அதுவரை மனைவி சுவர்த் துளையைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தார், பாவம், முழுக்க நனைந்துவிட்டார்.

காலையில் பார்த்தால், குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அரை இஞ்ச் பிளாஸ்டிக் நிப்பிள்தான் (இரு முனையிலும் மரை உள்ள சிறு இணைப்புக் குழாய்) முறிந்திருந்தது. பாதி மரை சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. இதற்காகச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. தட்டை ஸ்குரூடிரைவரின் நுனியை அடுப்பில் சூடாக்கி, அந்தத் துண்டுக்குள் அழுத்தினேன். பிளாஸ்டிக் இளகிப் பிடித்துக்கொண்டது. நன்றாக ஆறிய பிறகு இடப்பக்கமாக மெதுவாகத் திருகினேன், முழுசாக வெளியே வந்தது. ஆறும் முன் திருகினால் பிடி நழுவிவிடும், அவசரப்படக் கூடாது.

கடையில் பித்தளை நிப்பிள் வாங்கினேன். மரைமுனை நம்மைப் பார்த்திருக்க, கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை அதன் மரைமேல் வலஞ்சுழியாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே டேப் உருண்டு பிரிந்துவிடும். முதலில் கையால் ஏற்றி, அப்புறம்தான் ரென்ச்.

வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். ஈரமே இல்லை. மறுபடி இறுகிவிடாமல் இருக்க, இப்போது மாதம் ஒருமுறை அந்த வால்வை மூடித் திறக்கிறேன்.