ட்ரோன் தெளிப்பு: மருந்து ஊற்றும் முன் தண்ணீரில் அளந்து பாருங்கள்

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பயிருக்கு ட்ரோனில் 8 முதல் 10 லிட்டர் போதும். குறைவது தண்ணீர் மட்டுமே. ஏக்கருக்கான மருந்தின் அளவு மாறாது. 'லிட்டருக்கு 1 மில்லி' என்ற பழைய கணக்கிலேயே கலந்தால் ஏக்கருக்கு 200 மில்லிக்குப் பதில் 8 முதல் 10 மில்லிதான் போய்ச் சேரும். பூச்சி சாகாது, மருந்துக்கு எதிர்ப்புத்திறனும் வளரும்.

முதலில் இறக்கைகளைக் கழற்றிவிட்டு, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி பம்பை ஓட்டுங்கள். ஒவ்வொரு நாசிலின் (தெளிப்பு முனையின்) அடியிலும் அளவு ஜாடி வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். நான்கும் ஆளுக்கு 500 மில்லி தந்தால் மொத்தம் நிமிடத்துக்கு 2 லிட்டர். ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் வடிகட்டியைக் கழுவுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் நாசிலை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது தெளிப்பு அகலம். விற்பனையாளர் சொல்லும் அகலத்தை நம்பவே வேண்டாம். பறக்கும் உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது மாறும். நீர் பட்டால் நிறம் மாறும் தாள்களைக் குறுக்கே அரை மீட்டருக்கு ஒன்றாக வைத்து, பயிருக்கு மேலே 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் ஒருமுறை பறக்கவிடுங்கள். நடுவில் விழுந்த துளிகளில் பாதியாவது எந்த இடம்வரை விழுந்திருக்கிறதோ, அதுவே பயன்படும் அகலம்.

அகலம் 4 மீட்டர், வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 960 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அதாவது சுமார் 4.2 நிமிடம், 8.4 லிட்டர். 10 லிட்டர் டேங்க் 1.19 ஏக்கருக்கு வரும். ஏக்கருக்கு 200 மில்லி மருந்து என்றால் டேங்குக்கு 238 மில்லி. இவ்வளவு அடர்த்தியில் இலை கருகலாம் என்பதால், ட்ரோனுக்கு அனுமதி உள்ளதா என்று லேபிளைப் பார்த்துவிட்டு, சிறு பாத்தியில் அடித்து இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். தூள் மருந்தைத் தனி வாளியில் கரைத்து வடிகட்டாமல் டேங்கில் கொட்டினால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

காற்று விநாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் நிறுத்துங்கள். இலை அசையாத விடியற்காலையும் ஆபத்துதான்: தரையோரம் குளிர்ந்த காற்று தேங்கியிருக்கையில் நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். 100 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துளிகளே இப்படி அதிகம் அலைகின்றன. நாசில் தேர்வில் துளியின் அளவை 200 மைக்ரானை ஒட்டி வையுங்கள். பூக்கும் பயிரென்றால் தேனீக்கள் கூடு திரும்பிய பின், மாலையில்.

உண்மையான மிச்சம் வயல் முழுக்க அடிக்காமல் இருப்பதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பதிவு செய்யும் பல்நிறமாலைக் கேமராவால் எடுத்த பசுமைக் குறியீட்டு வரைபடம் பயிர் எங்கே நலிந்திருக்கிறது என்று காட்டும். காரணம் பூச்சியா, நீரா, தழைச்சத்தா என்று சொல்லாது. அந்த இடத்துக்கு நடந்துபோய் இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே தெளிக்கும் எல்லையை வரையுங்கள்.

முடித்ததும் டேங்கை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை அதே வயலிலேயே தெளித்துவிடுங்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள். பேட்டரியைச் சூடு ஆறிய பிறகே சார்ஜில் போடுங்கள். பல நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.