கொசுவா, மூட்டைப்பூச்சியா? மெத்தையைப் புரட்டிப் பார்க்கும் முறை

காலையில் எழுந்தால் முழங்கையில் நாலு தடிப்பு. கொசுதான் என்று ஒரு மாதம் கொசுவர்த்தி கொளுத்தியே ஓட்டினேன். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த கட்டிலோடு ஒரு குடித்தனமே சேர்ந்து வந்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

தடிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சிலருக்குக் கடித்துப் பல நாள் கழித்துத்தான் தடிக்கும், சிலருக்குத் தடிப்பதே இல்லை. அதே கட்டிலில் படுத்த என் மனைவிக்கு ஒரு பொட்டுகூடக் கிடையாது. “உங்களுக்கு ஏதோ அலர்ஜி” என்று சொல்லிவிட்டாள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: டார்ச், காலாவதியான ஏடிஎம் கார்டு, ஈரப் பஞ்சு, செல்லோடேப்.

படி 1: விரிப்பை உதறுவதற்கு முன் பாருங்கள். ரத்தம் குடித்த பூச்சி நாம் புரளும்போது நசுங்கினால் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை விழும்.

படி 2: இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். மெத்தையின் நாலு ஓரத்திலும் தடித்த தையல் ஓடும் இல்லையா, தலைமாட்டிலிருந்து அதை விரலால் விரித்துக்கொண்டே டார்ச் அடியுங்கள். பேனா முனையால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றித் தேயுங்கள். மை கலங்கியதுபோல் பழுப்பாக இழுபட்டால் அது பெரும்பாலும் மூட்டைப்பூச்சியின் எச்சம்தான், செரித்த ரத்தம். வெறும் தூசி அப்படி இழுபடாது.

படி 3: கட்டில் பலகையைத் தூக்குங்கள். மூட்டு இடுக்கு, திருகாணித் துளை, பிளைவுட் விரிசல் எல்லாவற்றிலும் கார்டைச் செருகி இழுங்கள். பூச்சி 5 மில்லிமீட்டர் அளவில் தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். பறக்காது, குதிக்காது. நீண்ட மீசையோடு விருட்டென்று ஓடினால் அது கரப்பான் குஞ்சு. மூட்டைப்பூச்சி உரித்துப்போட்ட வெளிர்மஞ்சள் சட்டைகளும் உதிரலாம், அதன் குஞ்சு பெரிதாவதற்குள் 5 முறை தோலுரிக்கும். முட்டை 1 மில்லிமீட்டர்தான், வெள்ளையாக மரத்தோடு ஒட்டியிருக்கும்.

படி 4: ஒன்றும் அகப்படவில்லையா? விடியற்காலை 4 மணிக்கு அலாரம் வைத்து, சட்டென்று டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு முதல் பூச்சி சிக்கியது அப்போதுதான், தலையணை உறையின் மடிப்பில், உப்பிப்போய், நகர முடியாமல்.

சிக்கியதை டேப்பில் ஒட்டி வையுங்கள், மருந்தடிக்க வருபவரிடம் காட்டலாம். பயந்துபோய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போகாதீர்கள், அதுவும் கூடவே வரும். மெத்தையை மொட்டைமாடியில் போட்டால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போட்டேன். வெயில் பட்ட பக்கத்திலிருந்து அடிப்பக்கத்துக்கு நகர்ந்துகொண்டன, அவ்வளவுதான்.