இருட்டில், மழையில் டென்ட் அடிப்பது எப்படி? பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

பள்ளிக்கூடமும் ஆபீசும் முடிந்து நாலு பேரும் பையைத் தூக்கும்போது இருட்டிவிடுகிறது. ஐப்பசி என்றால் மழையும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். பகலெல்லாம் வெயில் காய்ந்து, சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்து, இடியோடு கொட்டும். குமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழை விடட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அதனால் மழையிலேயே டென்ட் அடிக்கப் படித்துக்கொண்டோம்.

முதலில் இடம். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் ராத்தங்கக் கூடாது. நாங்கள் போனது கீரிப்பாறைப் பக்கம் அண்ணனின் ரப்பர் தோட்டத்துக்கு. நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, இறங்கியபின் முக்கால் மணி நேர நடை. ஓடிப்போய் ஒதுங்க ஒரு வீடு பக்கத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். இடி மின்னல் இருந்தால் டென்டில் இருக்கவே வேண்டாம். ஓடைக்கரையும் வேண்டாம், மேலே மலையில் பெய்தால் இங்கே தூறல் இல்லாமலே வெள்ளம் வரும்.

பையை அடுக்குவது இரண்டாவது வேலை. ரெயின் கவரை நம்பாதீர்கள். முதுகுப் பக்கத்தை அது மூடாது, அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கனமான பெரிய பிளாஸ்டிக் பையை உள்ளே விரித்து, துணிமணியை அதில் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். தார்ப்பாயும் கயிறும் அதற்கு வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. துடைக்க ஆளுக்கு இரண்டு துவர்த்து (துண்டு) போதும்.

வெளிச்சத்துக்கு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டுகிற லைட்தான் என் தேர்வு. சின்னவனுக்கும் தனியாக ஒன்று. போன் லைட் என்றால் ஒரு கை போய்விடும்.

சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) பிளாஸ்கில் சுக்குக் காப்பியும் கையில் இருந்தால் போதும். டென்டுக்குள் அடுப்புப் பற்றவைக்கவே கூடாது. தீ மட்டுமல்ல, புகையே தெரியாமல் விஷவாயு சேரும்.

சரி, இனி டென்ட். ரப்பர் மரம் காற்றுக்குச் சட்டென்று ஒடியும். அதன் அடியில் வேண்டாம். தென்னை மூட்டிலும் வேண்டாம். நாங்கள் தோட்டத்து ஓரத்தில் இரண்டு கமுகு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, 12க்கு 15 அடி தார்ப்பாயை அதன்மேல் போட்டோம். காற்று வரும் பக்கம் தாழ்வாக இழுத்துக் கட்ட வேண்டும். பிள்ளைகளையும் பைகளையும் அதற்கடியில் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் டென்டை உறையிலிருந்தே எடுக்க வேண்டும். கூரை முதலில், தரை கடைசியில். மரத்திலிருந்து கயிறு வழியாக வழிகிற தண்ணீரை நிறுத்த, தார்ப்பாய் விளிம்புக்கு வெளியே கயிற்றில் ஒரு துணிக்கீற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதைப் பிடித்துக் கீழே சொட்டிவிடும்.

இத்தனையும் செய்து படுத்தோம். இரவு இரண்டு மணிக்குச் சின்னவன், "அம்மா, பாய்க்கு அடியில தண்ணி" என்றான். கையை வைத்தால் டென்டின் தரை, தண்ணீர் நிரப்பிய பைபோல அமுங்கி எழும்பியது. தைத்த இடம் எதிலும் ஒழுக்கில்லை. வெளியே போய் லைட் அடித்தபோதுதான் தெரிந்தது. டென்டுக்கு அடியில் சேறு படாமலிருக்க ஒரு ஷீட் விரித்திருந்தோம். அது டென்டைவிட நாலு விரல் பெரிது. மேலே கட்டிய தார்ப்பாயின் சாரல் அந்த ஓரத்தில் விழுந்து, ஷீட்டுக்கும் டென்டுக்கும் நடுவே ஓடிச் சேர்ந்துகொண்டிருந்தது. நம் எடை அழுத்தும் இடத்தில் அது மெல்லக் கசிந்து மேலே வரும். அன்றிரவு மயினி (அண்ணன் மனைவி) வாசலில் நின்று, "வீட்டுக்குள்ள வந்து படுங்க மக்களே" என்று கூப்பிட, நாலு பேரும் திண்ணையில் படுத்தோம்.

ஆகவே அடி ஷீட் டென்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெட்ட மனமில்லையென்றால் ஓரத்தை உள்பக்கமாக, கீழ்நோக்கி மடித்துவிடுங்கள். மேல்நோக்கி மடித்தால் அதுவே தொட்டியாகிவிடும். அடுத்த தடவை இதை மட்டும்தான் மாற்றினோம், விடியும்வரை தரை காய்ந்தே கிடந்தது.

பின்சேர்க்கை: ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். காலுறையைப் புகையிலை ஊறிய தண்ணீரில் நனைத்துக் காயவைத்துப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தை அடியில் விட்டு நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம்.

இன்னொருவர் டென்டில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அது பூசணம். ஈர டென்டைத் தனிப் பையில் கொண்டுவந்து, வீடு சேர்ந்த அன்றே மொட்டைமாடிக் கொடியில் விரித்துப் போடுங்கள். மழையென்றால் ஹாலில் ஃபேனுக்கு அடியிலாவது.