மொட்டமாடி பாசியில இருந்து டீசலா? மொதல்ல வேட்டியில வடிகட்டிப் பாருங்க

பாசியில இருக்குற கொழுப்பை எண்ணெயா எடுத்து டீசலாக்கலாம்னு சொல்றாங்கல்ல, அதுக்குப் பாசி வளக்குறது பெரிய வித்தையே இல்லங்க. மதுரையில ஒரு வாளியில தண்ணி பிடிச்சு மாடியில வெச்சு மறந்துட்டா பத்து நாள்ல அதுவே பச்சை கட்டிரும். அந்தப் பச்சையைத் தண்ணியில இருந்து பிரிச்சு எடுக்குறதுலதேன் மொத்த வேலையும் இருக்கு, கம்பெனிக்காரன் காசு முழுங்குறதும் அங்கதேன். இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, நான் இதைக் கடைசியிலதேன் கத்துக்கிட்டேன்.

தேவையானது: 20 லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு, மீன் தொட்டிக்குப் போடுற ஏர் பம்பு, ட்யூபு, உரக்கடையில கிடைக்கிற 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குற உரம்), நுண்ணூட்டக் கலவை, ஆப்ப சோடா, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு, ஒரு பழைய வேட்டி. விதைப் பாசிக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்க. கண்மாய்த் தண்ணிய மோந்துட்டு வந்து ஊத்துனா பாசியோட சேந்து பாசியத் திங்கிற பூச்சியும் வரும், நேத்து கரும்பச்சையா இருந்த கேன் இன்னைக்குக் கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கிடக்கும், அதுவும் போக கண்மாய்ல மிதக்குற நீலப்பச்சைப் பாசி சிலதுல விஷம் வேற இருக்கு. தெரிஞ்சவங்க யாராச்சும் காலேஜ்ல தாவரவியலோ மைக்ரோபயாலஜியோ படிச்சா, அவங்க டிபார்ட்மென்ட்ல குளோரெல்லாவோ செனடெஸ்மஸோ, ரெண்டும் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி வகை, ஒரு பாட்டில் கேட்டு வாங்குங்க. ஸ்பைருலினா வேணாம், அது வேட்டியிலயே அழகா வடிஞ்சிரும், ஆனா அதுல கொழுப்பு நூத்துக்கு ஆறேழு பங்குதேன், பெரும்பாலும் புரோட்டீன், அது மனுசங்க திங்கிற பாசி.

கார்ப்பரேஷன் தண்ணியா இருந்தா ஒரு நாள் வெயில்ல திறந்து வெச்சு குளோரின் போக விடுங்க. போர் தண்ணி உப்பா இருந்தாலும் குளோரெல்லா ஓரளவு தாங்கும், அந்த உப்பு பின்னாடி நமக்கு உதவவும் செய்யும், சொல்றேன். 18 லிட்டர் தண்ணிக்கு 2 லிட்டர் விதைப் பாசி, 5 கிராம் 19:19:19 அதாவது ஒரு டீஸ்பூன், அரை ஸ்பூன் ஆப்ப சோடா, ரெண்டு சிட்டிகை நுண்ணூட்டக் கலவை. அம்புட்டுத்தேன். அதிகமா உரம் போட்டா அதிகமா வளரும்னு நினைச்சு அள்ளிப் போடாதீங்க, அமோனியா ஏறி செத்துரும். ஏர் பம்பை ஓட விடுங்க, அது காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடையும் கொடுக்கும், கேனையும் கிண்டி விடும், ஏன்னா தண்ணி கெட்டிப் பச்சை ஆயிருச்சுன்னா வெளி ஓரத்துல இருக்குற பாசிக்குத்தேன் வெளிச்சம், நடுவுல இருக்கிறது இருட்டுல கிடக்கும், சுத்தி வந்தாத்தேன் எல்லாத்துக்கும் பங்கு கிடைக்கும்.

வெயில் நல்லதுதானேன்னு நினைச்சு நான் சித்திரையில நடு மாடியில வெச்சுட்டு அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்கப் போயிட்டேன், சொந்தக்காரங்க வீட்டுலயே ரெண்டு நாள் தங்கிட்டு வந்து பாத்தா கேன் காக்கிக் கலர்ல நிக்குது, மூடியத் திறந்தா மூணு நாள் ஊசிப்போன குழம்பு வாசம், அம்மா படியேறி வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு "எடுத்து எறியிறியா இல்ல நான் எறியட்டுமா"ன்னாங்க. குளோரெல்லாவுக்கு 25ல இருந்து 30 டிகிரி சுகம், கத்திரி வெயில்ல கேனுக்குள்ள இருக்குற தண்ணி 40ஐத் தொடும். அதனால பச்சை நெட்டு கட்டுங்க, நனைச்ச சாக்கை கேன் மேல சுத்துங்க, இல்லாட்டி கிழக்குச் சுவர் ஓரம் வெச்சு காலை வெயில் மட்டும் படுற மாதிரி பாத்துக்கங்க. மார்கழி, தை மாசம் நம்ம ஊர்ல இதுக்கு அருமையான காலம்.

மத்தியானம் ஒரு டெஸ்ட் பண்ணுங்க. வெள்ளைப் பேப்பர்ல மஞ்சத்தூளைக் குழைச்சுத் தடவி காய வெச்சு ஒரு சொட்டு கேன் தண்ணி விடுங்க, சிவந்தா pH, அதாவது தண்ணியோட காரத்தைக் காட்டுற அளவு, எட்டரையைத் தாண்டிருச்சுன்னு அர்த்தம், பாசி கார்பன் டை ஆக்சைடை வேகமா இழுக்குதுன்னு அர்த்தம், அது நல்ல சேதிதான். கெட்டி ஆயிருச்சான்னு பாக்க ஒரு குச்சி நுனியில ஒத்த ரூபாக் காசை ஒட்டி உள்ள விடுங்க, மூணு நாலு சென்டிமீட்டர்லயே காசு மறைஞ்சா அறுவடைக்கு ரெடி. எண்ணெய் கூடணும்னா இப்ப உரத்தை நிறுத்தி அஞ்சாறு நாள் பட்டினி போடணும், நைட்ரஜன் கிடைக்காதப்பத்தேன் பாசி கொழுப்பைச் சேத்து வைக்கும், கலரும் மஞ்சப்பச்சைக்கு மாறும். ஆனா வளர்ச்சி நின்னுரும். ரெண்டும் சேந்து கிடைக்காது, இந்தத் துறையில இருக்குறவங்களுக்கு ரொம்ப வருஷமா இதே தலைவலிதான்.

இப்ப வேட்டிக்கு வருவோம். எட்டு முழ வேட்டியை நாலா மடிச்சு வடிகட்டுனேன், மேல ஊத்துன பச்சைத் தண்ணி கீழ அதே பச்சையா இறங்குச்சு, வேட்டியில லேசா ஒரு கறை, அவ்வளவுதான். குளோரெல்லா ஒண்ணொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ரெண்டுல இருந்து பத்து பங்கு சைஸ், அதுக்குத் துணி கதவு இல்லாத வீடு மாதிரி. அதுக்குத்தான் சுண்ணாம்பு: தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி மெதுவா கிண்டுங்க, pH பத்தரையைத் தாண்டுனதும் போர் தண்ணியில இருக்குற மெக்னீசியம் உப்பு திரிஞ்சு பாசியைக் கூட்டிக் கட்டிக்கும், பால் திரியிற மாதிரியே கட்டி கட்டியா தெரியும். ரெண்டு மணி நேரம் விட்டா அடியில உக்காந்துரும், மேல் தண்ணிய ட்யூப்ல இழுத்துட்டு அடிக் கசண்டை மட்டும் வேட்டியில கட்டித் தொங்க விடுங்க. படிகாரமும் வேலை செய்யும், ஆனா அலுமினியம் பாசியோடயே தங்கிரும்.

காய வெச்சா எவ்வளவு வரும்? ஒரு லிட்டர்ல அரை கிராம்னு வெச்சாலும் 20 லிட்டருக்கு 10 கிராம். அதுல எண்ணெய் அஞ்சுல ஒரு பங்குன்னா 2 கிராம், அரை டீஸ்பூன் கூட இல்ல. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நாலரைக் கிலோ காஞ்ச பாசி, அதுக்கு 9,000 லிட்டர் தண்ணி, ஏறக்குறைய ஒரு தண்ணி லாரி. அந்த ஒரு லிட்டர டவுன் பஸ்ஸுக்கு ஊத்துனா பெரியார் பஸ் ஸ்டாண்டுல கிளம்புனது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்றதே சந்தேகம். எக்ஸான்ங்கிற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி 2009ல பாசி எண்ணெய்க்கு 600 மில்லியன் டாலர் வரைக்கும் செலவழிக்கப் போறோம்னு சொல்லி இறங்குச்சு, 2023 தொடக்கத்துக்குள்ள கடையைக் கட்டிருச்சு. நம்ம கேன் கணக்கைப் பாத்தா ஏன்னு புரியும். ஒரு ஏக்கர்ல திறந்த தொட்டி கட்டுனா நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 20,000 லிட்டர் போயிரும், வைகையே காஞ்சு கிடக்குற ஊர்ல நல்ல தண்ணியில இதைச் செய்யுறது பாவம். அவனியாபுரம், சக்கிமங்கலம் மாதிரி கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்துல செஞ்சா உரமும் தண்ணியும் சும்மா கிடைக்கும், கணக்கு கொஞ்சம் ஒத்து வரும்.

அடுத்து டீசலாக்குறது. ஹெக்சேன்ங்கிற கரைப்பான ஊத்தி எண்ணெயப் பிரிச்சு, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேத்து 60 டிகிரியில கலக்குனா மேல பயோடீசலும் அடியில கிளிசரினும் பிரியும், பாசி எண்ணெயில தனிக் கொழுப்பமிலம் அதிகமா இருக்குறதால நேரா காஸ்டிக் போட்டா பாதி சோப்பாயிரும், மொதல்ல ஆசிட் போட்டுச் சரி பண்ணணும். இதை வீட்ல தொடாதீங்க. ஹெக்சேன் ஆவி குப்புன்னு தீப்பிடிக்கும், மெத்தனால் கண்ணைப் பறிச்சிரும், லைசென்ஸ் இல்லாம மெத்தனால் வாங்குறதும் வெச்சிருக்குறதும் நம்ம மாநிலத்துல குத்தம், 2024ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்தால நடந்தது ஞாபகம் இருக்கும்ல. லேப் இருக்குறவங்க கூடச் சேந்து பண்ணுங்க.

வீட்டுக்கு என் சிபாரிசு சாண எரிவாயு தொட்டிதான். பாசியக் காய வைக்கவும் வேணாம், எண்ணெயப் பிரிக்கவும் வேணாம், ஈரக் கசண்டை அப்படியே சாணிக் கரைசலோட போடலாம். பாசியில நைட்ரஜன் ரொம்ப ஜாஸ்தி, நாலுல ஒரு பங்குக்கு மேல போட்டா அமோனியா கட்டி கேஸ் நின்னுரும், மூணு பங்கு சாணியோ வைக்கோலோ இருக்கட்டும். இதே கேஸைச் சுத்தம் பண்ணி 200 பார் அழுத்தத்துல அடைச்சாத்தான் வண்டிக்குப் போடுற சிபிஜி (அழுத்தி அடைச்ச உயிர்வாயு), மத்திய அரசு 2018ல சதத் திட்டம்னு ஆரம்பிச்சது இதுக்குத்தான், அந்த அடைக்கிற வேலை வீட்ல கூடாது, நமக்கு அடுப்பு எரிஞ்சாப் போதும்.

வடிஞ்ச சுண்ணாம்புத் தண்ணிய உடனே செடிக்கு ஊத்தாதீங்க, வேர் வெந்துரும். ரெண்டு நாள் ஏர் பம்பு ஓட்டுனா pH இறங்கிரும், மஞ்சப் பேப்பர் சிவக்கலைன்னா முருங்கைக்கு ஊத்தலாம். சுண்ணாம்பு போடுறதுக்கு முன்னாடியே 2 லிட்டர் பச்சையைத் தனியா எடுத்து வெச்சுக்கங்க, அடுத்த கேனுக்கு அதுதான் விதை. கேன் வாய்ல துணி கட்ட மறக்காதீங்க, டெங்கு செக்கிங் வர்றவங்க கொசுப்புழுவப் பாத்தா மொத்தத்தையும் கவுத்துட்டுப் போயிருவாங்க.